சிராப் தண்ணிய நிறுத்தினா சாமி குத்தமாம்!

பெர்மாஸ் ஜெயாவுல அன்னதான அடுப்படியில நிக்கிற தொண்டர்கள் எல்லாரும் சேர்ந்துதான் இதை எழுதுறோம். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

ரெண்டு வாரமா வாட்சப் குரூப்புல எங்களைப் போட்டுக் கிழிக்கிறாங்க. நாங்க செஞ்ச குற்றம் என்ன? வெள்ளிக்கிழமை பந்தியில சிராப் தண்ணிக்குப் பதிலா வெறும் தண்ணியும் மோரும் வெச்சோம். பாயசத்தைச் சின்ன கப்புல ஊத்தினோம். உடனே, "பிரசாதத்துல கை வைக்க நீங்க யாரு?"

சிராப் எப்போ பிரசாதம் ஆச்சு? எந்தக் குருக்களும் அதை அம்மனுக்கு நைவேத்தியமா வெச்சு நாங்க பார்த்ததில்லை. கடையில போத்தல்ல வாங்கி, டிரம்முல சீனியோட கலக்குறது அது. நைவேத்தியம் வெச்ச சர்க்கரைப் பொங்கலை நாங்க தொடவே இல்லை, எல்லாருக்கும் ஒரு கரண்டி உண்டு. "பிரசாதம் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது"ன்னு டப்பா நிறைய கட்டிக்கிட்டுப் போறாங்களே, அதைத்தான் கேட்கிறோம். குளூக்கோமீட்டருக்குக் கோயில் பொங்கலும் கடை கேக்கும் ஒண்ணுதான்.

2019 தேசிய சுகாதார ஆய்வுல, நாட்டுல பெரியவங்கள்ல 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்கள்ல மட்டும் பார்த்தா 31.4 விழுக்காடு. நம்ம பந்தியில உட்கார்ற பத்துப் பெரியவங்கள்ல மூணு பேர்னு வெச்சுக்கலாம். 2023-இல் நாட்டு அளவு 15.6-க்கு வந்திருக்கு, அப்பவும் ஆறுல ஒருத்தர். அந்த ஒருத்தருக்குத் தன் வியாதி தெரியாமகூட இருக்கலாம், அதனால "வியாதிக்காரங்க மட்டும் குடிக்காம இருக்கட்டுமே"ங்கிற பேச்சு எடுபடாது.

2019 ஜூலையில இருந்து 100 மில்லியில 5 கிராமுக்கு மேல சீனி இருக்கிற பான வகைக்கு அரசாங்கம் லிட்டருக்கு 40 காசு வரி போட்டுச்சு. இப்போ அது 90 காசு. நம்ம டிரம்முக்கு மட்டும் வரியும் இல்லை, அளவும் இல்லை!

அரசாங்க கிளினிக்குல 1 ரிங்கிட் கட்டிட்டு மூட்டை மருந்தோட வர்றோம், மீதியை யார் கட்டுறா? 2017-இல் இந்த ஒரு வியாதிக்கு மட்டும் நாட்டோட நேரடி மருத்துவச் செலவு சுமார் 438 கோடி ரிங்கிட். புதுசா டயாலிசிஸ் ஆரம்பிக்கிறவங்கள்ல பாதிக்கு மேல இனிப்பு நீர்னாலதான் கிட்னி போனவங்க. வாரம் மூணு நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். கூட்டிட்டுப் போய் வர்ற பிள்ளைக்கு வேலை நிலைக்குமா?

"தோட்டத்துல நம்ம தாத்தா பாட்டி சாப்பிடாத சோறா?" சாப்பிட்டாங்க. விடியறதுக்கு முன்னாடியே போய் நூத்துக்கணக்கான ரப்பர் மரம் சீவிட்டுப் பால் வாளி தூக்கினாங்க. இப்போ நம்ம பிள்ளைங்க விடியக்காலையில பாலத்து ஜாம்ல உட்கார்ந்து சிங்கப்பூர் போய், ராத்திரி பத்து மணிக்கு வந்து சோறு சாப்பிடுதுங்க. பாவம், அதுங்க சோம்பேறி இல்லை. ஆனா சோத்துத் தட்டு மட்டும் தாத்தா காலத்துத் தட்டாவே இருக்கு.

இன்னும் ரெண்டு விஷயம். நாள்பட்ட இனிப்பு நீர் காலோட உணர்ச்சியை மழுங்கடிச்சிடும். மத்தியானம் கொதிக்கிற தரையில பிரகாரம் சுத்துறவங்களுக்குச் சுட்டதே தெரியாது, வீட்டுக்குப் போய் கொப்புளத்தைப் பார்த்தாத்தான் தெரியும். அந்தப் புண்ணுதான் பல பேருக்கு விரல், கால் எடுக்கிற வரைக்கும் கொண்டு போகுது. அதனாலதான் ஈரச் சாக்கு விரிக்கிறோம். சாக்ஸ் போட்டு வந்தா விடுங்கன்னு நிர்வாகத்துக்கிட்டயும் கேட்டிருக்கோம்.

விரதம் வேற. இன்சுலின் போடுறவங்களும் சில மாத்திரை சாப்பிடுறவங்களும் பட்டினி கிடந்தா சர்க்கரை சட்டுன்னு இறங்கிடும். வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சுக் குழறினா எல்லாமே அருள்னு நினைச்சு வேப்பிலை அடிக்காதீங்க! நினைவு இருந்து விழுங்க முடிஞ்சா உடனே சீனித் தண்ணி கொடுங்க. நினைவு இல்லைன்னா வாயில எதுவும் ஊத்தாம 999-க்கு அடிங்க. அந்த நேரத்துக்குன்னே ஒரு பொட்டலம் சீனி அடுப்படியில எப்பவும் இருக்கு. விரதத்துக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கேட்டுக்குங்க.

இதையெல்லாம் பேசினா சாமி குத்தம். ஆனா மண்டபத்து வாசல்ல மேசை போட்டு, "மாத்திரையை நிறுத்திட்டு இந்தப் பவுடரைக் குடிங்க, இனிப்பு நீர் ஓடிடும்"னு விக்கிறவங்களை மட்டும் யாரும் கேட்கிறதில்லை. நாங்க கேட்கப் போறோம்.

உபயக்காரர்கள் மனசு நோகணும்னு எங்களுக்கு ஆசை இல்லை. பிறந்தநாளுக்கும் நேர்த்திக்கும் ஆசையாத்தான் கொடுக்கிறீங்க. நவராத்திரிக்குக் கொலுவுல வைக்கிற சுண்டல் நம்ம பாட்டிமார் வழக்கம்தானே? அதே காசுக்கு ரெண்டு பானை கொண்டைக்கடலை வேகும்.

சிராப் உபயத்துக்கு ஏற்கனவே பணம் கட்டினவங்க வெள்ளிக்கிழமை சாயங்காலம் 6 மணிக்கு முன்னாடி ரசீதோட அடுப்படிக்கு வாங்க. சுண்டலா மாத்தணுமா, பணத்தைத் திரும்ப வாங்கிக்கிறீங்களான்னு சொல்லிடுங்க, கடலை முந்தின நாளே ஊறப்போடணும்.