டர்போ வாங்கும் முன் கணக்குப் போடுங்கள்

டர்போ பெரிதாக இருந்தால் வேகமும் பெரிதாக இருக்கும் என்ற நம்பிக்கை நம் இளைஞர்களிடையே வேரூன்றிவிட்டது. ஸ்ரீ கெம்பாங்கான், பாலாக்கோங், பூச்சோங், கிள்ளான் என எந்தப் பட்டறைப் பக்கம் போனாலும் இந்தப் பேச்சுதான். ஜப்பானில் பாதியாக வெட்டி நம் நாட்டுக்கு அனுப்பப்படும் பழைய கார்கள், அதாவது நாம் ‘ஹாஃப் கட்’ என்று சொல்பவை, இங்கே தாராளமாகக் கிடைக்கின்றன. அவற்றிலிருந்து கழற்றிய டர்போக்களில் எது கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறதோ அதற்கே மவுசு. இந்தப் பழக்கம் காசுக்கும் கேடு, எஞ்சினுக்கும் கேடு என்பது என் கருத்து. சிக்கனமாக ஒரு டர்போவைத் தேர்ந்தெடுக்க உண்மையில் வேண்டியது நான்காம் படிவ இயற்பியல் புத்தகத்தில் உள்ள வெப்பம் பற்றிய பாடம்.

இதற்கு நல்ல உதாரணம் நெடுந்தூர நேர்கோட்டு வேக ஓட்டம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் போன்வில் உப்புச் சமவெளி இருக்கிறது. அங்கே வளைவுகள் இல்லை, போட்டிக்கு இன்னொரு காரும் பக்கத்தில் ஓடாது. பல கிலோமீட்டர் தூரம் முடுக்கியை முழுவதும் அழுத்தி, எட்டிய வேகத்தை அளப்பார்கள். நம் சிப்பாங் பந்தயத் தடத்தின் மொத்த நீளம் 5.5 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம் என்றாலும், அதன் நேர்ப்பகுதி எதுவும் ஒரு கிலோமீட்டரை எட்டாது. ஆகவே இத்தகைய ஓட்டம் இங்கே நடக்க வழியில்லை. ஆனால் அதற்கான கணக்கை இங்கேயே போட்டுப் பார்க்கலாம்.

முதலில் டர்போ என்ன செய்கிறது? எஞ்சினிலிருந்து வீணாக வெளியேறும் சூடான புகை ஒரு சுழலியைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள அமுக்கி, வெளிக்காற்றை நெருக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. 1905-இல் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூகி காப்புரிமை பெற்ற யோசனை இது. காற்று அதிகமானால் அதற்கேற்ப எரிபொருளையும் அதிகமாக எரிக்கலாம். அவ்வளவுதான்.

இப்போது ஒரு 1,600 சிசி எஞ்சினை எடுத்துக்கொள்வோம். நான்கு வீச்சு எஞ்சின், இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் முழுக் கொள்ளளவுக்குக் காற்றை இழுக்கும். நிமிடத்திற்கு 6,500 சுற்று என்றால் 5,200 லிட்டர். நடைமுறையில் அதில் 85 விழுக்காடுதான் நிரம்பும் என்று வைத்தால் 4,420 லிட்டர். 30 பாகை செல்சியஸில் அந்தக் காற்றின் எடை சுமார் 5.1 கிலோ. நிமிடத்திற்கு ஒரு கிலோ காற்றுக்குச் சுமார் 22 குதிரைத்திறன் என்பது பட்டறைக்காரர்களின் தோராயக் கணக்கு. டர்போ இல்லாமல் ஏறத்தாழ 113 குதிரைத்திறன் வருகிறது.

இதில் டர்போவைப் பொருத்தி, காற்றழுத்தத்தை 1.7 மடங்காக்குவோம். காற்றும் 70 விழுக்காடு கூடிவிடும் என்று நினைத்தால் அங்கேதான் ஏமாற்றம். காற்றை அமுக்கினால் சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடித்தபின் பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பாருங்கள், தெரியும். எழுபது விழுக்காடு செயல்திறன் உள்ள அமுக்கியிலிருந்து வெளிவரும் காற்று சுமார் 100 பாகையில் இருக்கும். சூடான காற்று விரிவதால், உண்மையில் கூடுவது 38 விழுக்காடு மட்டுமே. அதே காற்றை இண்டர்கூலர் மூலம் 50 பாகைக்குக் குளிர்வித்தால் கூடுதல் ஏறத்தாழ 60 விழுக்காடாகிறது. அதாவது சுமார் 180 குதிரைத்திறன். டர்போவை மாற்றாமலேயே இவ்வளவு லாபம்!

குளிர்விக்கப் பெருஞ்செலவு ஆகாதா? ஓட்டம் ஒன்றரை நிமிடம் நீடிக்கிறது என்போம். அந்த நேரத்தில் எஞ்சினுக்குள் போகும் காற்று சுமார் 12 கிலோ. அதன் சூட்டை 50 பாகை குறைக்க ஏறக்குறைய 620 கிலோஜூல் வெப்பத்தை எடுக்க வேண்டும். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல் உறிஞ்சும். கணக்குப்படி இரண்டு கிலோ ஐஸ் போதும்! வீணாவதையும் சேர்த்துப் பத்துக் கிலோ என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஐஸ் கச்சாங் கடைக்காரரிடம் கேட்டாலே கிடைத்துவிடும். வேக ஓட்டக்காரர்கள் ஐஸ்நீர்த் தொட்டி வைப்பது இதனால்தான். சாலையில் மணிக்கணக்கில் ஓடும் காருக்கு இது ஒத்துவராது. ஐஸ் உருகியதும் கதை முடிந்துவிடும்.

அளவுக்கு வருவோம். சாலையில் ஓடும் காருக்குச் சிறிய டர்போதான் பொருத்தம். புரோட்டோன் நிறுவனத்தின் 1.6 லிட்டர் சிஎஃப்இ டர்போ எஞ்சின், 2,000 சுற்றிலேயே தன் உச்ச முறுக்குவிசையான 205 நியூட்டன் மீட்டரைத் தந்துவிடும். சமிக்ஞை விளக்கில் நின்று கிளம்பும் குடும்பக் காருக்கு அதுதான் தேவை. ஆனால் அந்த எஞ்சினின் உச்சத்திறன் 5,000 சுற்றிலேயே வந்துவிடுகிறது. உப்புச் சமவெளியில் டர்போ சுறுசுறுப்பாக எழும்ப வேண்டிய அவசியமில்லை, அதற்குக் கிலோமீட்டர் கணக்கில் இடம் இருக்கிறது. மேல்சுற்றில் மூச்சுத் திணறாமல் இருந்தால் போதும். போன்வில் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,280 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்றழுத்தமும் ஏறத்தாழ 14 விழுக்காடு குறைவு. எஞ்சினுக்குள் அதே அழுத்தம் வேண்டுமானால் அமுக்கி 1.7 மடங்குக்குப் பதிலாக ஏறத்தாழ 2 மடங்கு உழைக்க வேண்டும். எனவே சற்றுப் பெரியதே நல்லது. ‘சற்று’ என்றுதான் சொல்கிறேன். சுபாரு, வால்வோ கார்களில் வந்த மிட்சுபிஷி டிடி04 குடும்ப டர்போ ஒன்று, நல்ல நிலையில் கிடைத்தால், 180 குதிரைத்திறனுக்குத் தாராளம். எந்த டர்போவானாலும் அதன் அமுக்கி வரைபடத்தைப் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள். நமக்கு வேண்டிய காற்றின் அளவும் அழுத்தமும் சந்திக்கும் புள்ளி அந்த வரைபடத்தின் நடுத்தீவில் விழுந்தால் காற்று குறைவாகச் சூடாகும். ஓரத்தில் விழுந்தால் டர்போ வெறும் அடுப்பு.

பழைய டர்போ என்றால் தண்டைக் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும், இறகுகளில் வெட்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தத் தண்டு நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அதைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே. எண்ணெய்க் குழாயில் சிக்கனம் பார்ப்பவர் டர்போவை இரண்டு முறை வாங்குவார். ரோன் 95 பெட்ரோலை ஊற்றிவிட்டு அழுத்தத்தை மட்டும் ஏற்றினால், கலவை தானாக வெடித்துப் பிஸ்டனையே உடைக்கும்.

இவ்வளவும் செய்தபின் வேகம் எவ்வளவு கூடும்? காற்றின் எதிர்ப்பை வெல்லத் தேவைப்படும் திறன், வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறுகிறது. திறன் 60 விழுக்காடு கூடினால் உச்சவேகம் கூடுவது சுமார் 17 விழுக்காடுதான். நியூசிலாந்தின் பர்ட் மன்ரோ, 1920-ஆம் ஆண்டு இந்தியன் மோட்டார் சைக்கிளில் 1967-இல் போன்வில்லில் மணிக்கு ஏறத்தாழ 296 கிலோமீட்டர் என்ற சாதனையைப் படைத்தார். அவரிடம் டர்போ இல்லை. பிஸ்டன்களைத் தம் கையாலேயே வார்த்தார், வண்டியைச் சுற்றி மீன் வடிவக் கூடு கட்டினார். சிக்கனம் என்றால் டர்போவுக்கு முன்பே அந்தக் கூட்டைத்தான் யோசிக்க வேண்டும் என்பேன்.

நள்ளிரவு நெடுஞ்சாலையை உப்புச் சமவெளியாக நினைப்பவர்களுக்கு இந்தக் கட்டுரையில் இடமில்லை. அது 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம், சாவதும் பெரும்பாலும் இளையோர்தான்.

நம் இடைநிலைப்பள்ளி இயற்பியல் கூடங்களுக்கு நான் கேட்பது ஒன்றே. உடைந்து பயனற்றுப்போன டர்போ ஒன்றைப் பட்டறையில் பழைய இரும்பு விலைக்கு வாங்கி, குறுக்கே அறுத்து மேசைமேல் வையுங்கள். பக்கத்தில் ஓர் அமுக்கி வரைபடத்தை ஒட்டி, வாயு விதிகளையும் உள்ளுறை வெப்பத்தையும் அதை வைத்தே ஒரு வாரம் நடத்திப் பாருங்கள்.