விடை இருக்கிறதா என்று முதலில் கேட்போம்

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தில் கார், லாரி, மோட்டார் சைக்கிள் என எது தயாரானாலும், அதன் பாகங்கள் இரும்பில் உருவாகும் முன்பே கணினியில் சோதிக்கப்படுகின்றன. 'எல்' வடிவ பிராக்கெட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். உள்மூலையைக் கூர்மையாக வரைந்திருந்தால், அங்கே தகைவு (ஸ்ட்ரெஸ்) இவ்வளவு என்று மென்பொருள் ஓர் எண்ணைக் காட்டும். கணக்கிடும் வலையின் கண்ணைப் பாதியாக்கினால் அந்த எண் சுமார் 37 சதவீதம் ஏறும். மறுபடி பாதியாக்கினால் மறுபடி ஏறும், எங்கும் நிற்காது. காரணத்தை 1952-லேயே அமெரிக்கரான வில்லியம்ஸ் விளக்கிவிட்டார்: மீள்தன்மைக் கோட்பாட்டின்படி அந்த மூலையில் தகைவுக்கு வரம்பே இல்லை. திரையில் தெரிவது வலையின் அளவுக்கு ஏற்ற எண். அதை வைத்துப் பாகத்தின் வலிமையை முடிவுசெய்வது ஆபத்து.

கணிதத் துறைகளுக்குள்ளேயே முடங்கிக் கிடக்கும் இருப்புத் தேற்றங்கள் இங்குதான் தேவைப்படுகின்றன. எல்லையில் சமன்பாடே உடையும்போது விடை உண்டா, உண்டென்றால் எந்தப் பொருளில் உண்டு என்பதே அவற்றின் கேள்வி. அந்த மூலையில் இடப்பெயர்ச்சிக்கு விடை உண்டு, மொத்த ஆற்றலும் வரம்புக்குள் இருக்கிறது. தகைவுக்கு மட்டும் அந்தப் புள்ளியில் மதிப்பில்லை. உருளைத் தண்டு குளிரும் கணக்கிலோ நிலைமை வேறு. மையத்தில் ஆரம் சுழியாகி, அதனால் வகுக்கும் உறுப்பு வெடிப்பதுபோல் தோன்றினாலும் வெப்பநிலை சீராகவே இருக்கிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த வானியற்பியலாளர் சந்திரசேகர், விண்மீன்களின் அமைப்பு குறித்த தம் 1939 நூலில் கையாண்ட லேன்–எம்டன் சமன்பாடும் மையத்தில் இப்படித்தான். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இந்த இரண்டு சிக்கல்களையும் பிரித்துக் காட்டுவது கோட்பாடு.

மூலையை வளைத்துவிடு என்பது எந்த டிசைனருக்கும் தெரியும், தேற்றம் எதற்கு என்று கேட்கலாம். மூலைக்கு அது சரி. விரிசலின் முனையையும், இரு வேறு உலோகங்கள் ஒட்டும் விளிம்பையும் அப்படி வளைத்துவிட முடியாதே! ஒரகடத்திலேயே வாகனச் சோதனை மையம் இருக்கிறதே என்பது அடுத்த வாதம். சோதனை கட்டாயம் வேண்டும். ஆனால் பாகம் அங்கே போவதற்குள் அதற்கான அச்சு (டை) செய்து பணம் செலவாகியிருக்கும். தேற்றம் எண்ணைத் தராது என்பதும் உண்மைதான். எந்த எண்ணை நம்பக் கூடாது என்பதை அது சொல்கிறது. டிசைனருக்கு அதுவே பெரிய உதவி.

பொறியியல் கல்லூரிகள் மென்பொருள் ஆய்வகத்தின் முதல் பயிற்சியாக இந்த மூலையையே கொடுக்கட்டும். வலையை மூன்று முறை பாதியாக்கச் சொல்லி, எண் ஏன் நிற்கவில்லை என்று மாணவரிடம் எழுதி வாங்கட்டும். அந்த வகுப்பில் கணித ஆசிரியரும் இருக்க வேண்டும்.