லீவு நாளில் எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள்?

மாலை ஏழு மணிக்கு மேல் தாம்பரத்தில் கிளினிக் பார்க்கிற எல்லோருக்கும் இந்தப் பேச்சு பழக்கம். "தூக்கமே வர மாட்டேங்குது டாக்டர். ஏதாவது எழுதிக் குடுங்க." வெளியே பெஞ்சில் இன்னும் பதினைந்து பேர். வந்தவருக்கும் அவசரம், நமக்கும் அவசரம். கை தானாகக் க்ளோனாசெபம் எழுதிவிடுகிறது. இந்த இதழின் பெரும்பகுதியைப் பெரியவர்களின் தூக்கத்துக்கு ஒதுக்கியிருக்கிறோம். எழுதுவதற்கு முன்னால் அந்தக் கை ஒரு நிமிடம் நிற்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

சென்ற ஆண்டு வந்த ஒருவரைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வயது 34. மெப்ஸ் வளாகத்தில் கணக்கு வேலை. காலை 8.30க்குள் கைரேகை வைத்தாக வேண்டும். இரண்டு வருடமாகப் பல இடங்களில் எழுதி வாங்கிய தூக்க மாத்திரை. வேலையில் பிழை, மறதி, மாதத்தில் பாதி நாள் தாமதம். நானும் முதல் நாள் அதே மாத்திரையைத் தொடரச் சொல்லி அனுப்பினேன். அது தவறு, அதை இங்கே பதிவு செய்கிறேன். இரண்டாவது முறை வந்தபோதுதான், படுக்கிற நேரம், தூங்குகிற நேரம், எழுகிற நேரம் மூன்றையும் குறித்துக்கொண்டு வரச் சொன்னேன்.

நோட்டு வாங்க மறந்துவிட்டாராம். தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம் பென்சிலால் எழுதி, ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டுவந்திருந்தார். வேலை நாள் தாள்கள் எல்லாம் ஒரே மாதிரி: படுத்தது 10.30, தூங்கியது 2 மணிக்கு மேல், அலாரம் 6.15. நடுவே நான்கு தாள்கள் மட்டும் வேறு மாதிரி. பொங்கலுக்கு மதுராந்தகத்தில் அம்மா வீட்டில் இருந்த நாட்கள். படுத்தது 2, தூங்கியது 2.15, எழுந்தது 10. ஓரத்தில் "நல்ல தூக்கம்" என்று இருந்தது.

படுத்த கால் மணியில் கண்ணயர்ந்து, எட்டு மணி நேரம் ஆழ்ந்து தூங்குகிறவருக்குத் தூக்கமின்மை என்று எப்படிப் பெயர் வைப்பது? அவருக்குத் தூக்கம் இருக்கிறது. அது வருகிற நேரம்தான் ஊர் தூங்குகிற நேரத்துக்கு வெகுவாகப் பின்னால் இருக்கிறது. க்ளோனாசெபம் அவரை மயக்கியதே தவிர, உடலின் கடிகாரத்தை ஒரு நிமிடம்கூட முன்னால் நகர்த்தவில்லை. அது உடம்பை விட்டு மெதுவாக வெளியேறுகிற மருந்து. ஆகவே ராத்திரி வேண்டியிருந்த மப்பு காலை பதினொரு மணி வரை கூடவே இருந்தது.

அவர் முன்னிலையில், அவர் சம்மதத்தோடு, அம்மாவுக்குப் போன் செய்தோம். "அஞ்சாவது படிக்கும்போதே பன்னெண்டு மணி வரைக்கும் கொட்டக் கொட்ட முழிச்சிட்டு உக்காந்திருப்பா சார். காலையில எழுப்பறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும். குடை, டிபன் டப்பா, ஒரு தடவை செருப்பு, எல்லாத்தையும் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு வந்துடுவா." மதிப்பெண் அட்டையில் வருடா வருடம் "கவனம் போதாது" என்று எழுதியிருந்தார்களாம். ஓடவில்லை, ஆடவில்லை, யாரையும் அடிக்கவில்லை. அமைதியான, மறதிக்காரப் பெண். யாருக்கும் ஏ.டி.எச்.டி. என்று தோன்றவே இல்லை. வகுப்பறையைத் தலைகீழாக்குகிற பையன்களுக்குத்தான் அந்தப் பெயர் என்று நாமும் நெடுநாள் நினைத்திருந்தோம்.

தூக்கத்துக்கும் இந்தக் குறைபாட்டுக்கும் உள்ள உறவை நம் துறை ஒருமுறை கையில் எடுத்து, பிறகு கீழே வைத்துவிட்டது. 1980இல் வந்த டி.எஸ்.எம்.-3, தூக்கத்திலும் ஓயாமல் புரள்வதை மிகைச்செயல்பாட்டின் அறிகுறிகளில் ஒன்றாகச் சேர்த்திருந்தது. 1987 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். 2013இல் வந்த டி.எஸ்.எம்.-5, 17 வயது நிரம்பியவர்களுக்கு ஐந்து அறிகுறிகள் போதும், அவற்றில் சில 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்றது. தூக்கம் அந்தப் பட்டியலுக்குத் திரும்பவில்லை. அதனால்தான் பட்டியலைப் பார்த்துக் கேட்கிற மருத்துவர் தூக்கத்தைக் கேட்பதில்லை. தூக்கத்தைக் கேட்கிற மருத்துவர் பட்டியலை எடுப்பதில்லை.

நெதர்லாந்தில் சாண்ட்ரா கோய் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஏ.டி.எச்.டி. உள்ள 40 பெரியவர்களில் 31 பேருக்குத் தூக்கம் பிடிப்பதிலேயே சிக்கல் இருந்தது. அவர்களுக்கு மாலையில் மெலடோனின் சுரக்கத் தொடங்கும் நேரம், குறைபாடு இல்லாதவர்களைவிட ஒன்றே முக்கால் மணி நேரம் பின்தங்கியிருந்தது. அதே குழு 2021இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், வெறும் 0.5 மி.கி. மெலடோனினை மூன்று வாரம் கொடுத்தபோது அந்த நேரம் ஏறக்குறைய ஒன்றரை மணி முன்னால் வந்தது, ஏ.டி.எச்.டி. அறிகுறிகளும் 14 சதவீதம் குறைந்தன. நிறுத்திய இரண்டு வாரத்தில் கடிகாரம் பழைய இடத்துக்கே போய்விட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சிறிய ஆய்வுகள்தான். ஆனாலும், நம் கடைகளில் கிடைக்கிற 5, 10 மி.கி. மாத்திரைகளைப் படுக்கிற நேரத்தில் போடச் சொல்வது எவ்வளவு குருட்டாம்போக்கு என்பதற்கு இவை போதும். கடிகாரத்தை நகர்த்துவது கொடுக்கிற நேரம். அளவைக் கூட்டி அந்தக் காரியத்தைச் சாதிக்க முடியாது. வழக்கமாகத் தூக்கம் பிடிக்கிற நேரத்துக்குச் சில மணி நேரம் முன்பே, குறைந்த அளவில் கொடுக்க வேண்டும்.

மெலடோனினைவிட வலுவான மருந்து வெளிச்சம். இதை நான் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல எண்ணத்தோடு தவறு நடப்பது இங்கேதான். "அஞ்சு மணிக்கு எழுந்து வாக்கிங் போங்க, எல்லாம் சரியாயிடும்" என்று வீட்டுப் பெரியவர்களும் சொல்கிறார்கள், நாமும் சொல்கிறோம். உடல் வெப்பம் மிகவும் தாழ்ந்து போவது, இயல்பாக விழிக்கிற நேரத்துக்கு இரண்டு மூன்று மணி முன்னால். அதற்குப் பிறகு கண்ணில் படுகிற வெளிச்சம் கடிகாரத்தை முன்னால் இழுக்கும். அதற்கு முன்பு பட்டால் இன்னும் பின்னால் தள்ளும். பத்து மணிக்கு இயல்பாக விழிக்கிறவரை ஆறு மணிக்கு வெயிலில் நிறுத்தினால் நாம் நினைப்பதற்கு நேர்மாறாக நடக்கும். ஆகவே விடுமுறை நாளில் அவராக விழிக்கிற நேரத்தை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கிருந்து தொடங்கி, எழுந்தவுடன் அரை மணி நேரம் மொட்டை மாடியில் இருக்கட்டும். இரண்டு நாளுக்கு ஒருமுறை கால் மணி, அரை மணி என்று முன்னால் கொண்டுவரலாம். மேல்நாடுகளில் இதற்கென்று 10,000 லக்ஸ் விளக்கு வாங்குகிறார்கள். ட்யூப்லைட் எரிகிற அறையில் சில நூறு லக்ஸ் தாண்டுவதே அரிது. மேகம் மூடிய காலையிலும் நம் மாடியில் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. செலவில்லாத மருந்து. மேலைநாட்டு மெண்டிப் குன்றுகளில் சானடோரியம் நடத்திவிட்டு வந்த டாக்டர் சௌரிமுத்து, 1928இல் இந்த ஊரில் காசநோய்க்கு மருத்துவமனை தொடங்கினார். திறந்த காற்று, வெளிச்சம், மணிக்கணக்குத் தவறாத ஓய்வு ஆகியவையே அந்தக் காலத்துச் சானடோரியங்களின் சிகிச்சை. ரயில் நிலையத்தின் பெயரில் இன்றும் அந்தச் சொல் இருக்கிறது. கிருமிக்கு எதிராக வெளிச்சம் என்ன செய்தது என்பது வேறு விவாதம். கடிகாரத்துக்கு அது செய்வதில் சந்தேகமில்லை.

இனி எதிர்ப்பக்கம். கவனம் சிதறுகிற எல்லோருக்கும் ஏ.டி.எச்.டி. இல்லை. சோழிங்கநல்லூர், சிறுசேரி பக்கம் அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்த்துவிட்டு விடிகாலையில் கேபில் வந்து இறங்குகிற இளைஞர், போனில் ஆறு கேள்விகள் உள்ள ஏதோ கேள்வித்தாளை நிரப்பி, "எனக்கு ஏ.டி.எச்.டி. சார்" என்று வருகிறார். ஐந்து மணி நேரத் தூக்கத்தில் மூன்று வருடம் ஓட்டினால் யாருக்கும் அந்த ஆறு கேள்விகளில் நான்கு பொருந்திவிடும். பன்னிரண்டு வயதுக்கு முன் எப்படி இருந்தார் என்று தெரியாமல் மெதில்ஃபெனிடேட்டைத் தொடக் கூடாது. குறட்டையையும் மனைவியிடமோ கணவரிடமோ கேட்க வேண்டும். உத்வாடியா குழு மும்பையில் செய்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், நடுவயது ஆண்களில் 7.5 சதவீதம் பேருக்குப் பகல் தூக்கத்தோடு கூடிய மூச்சுத்தடை இருந்தது. அவர்களுக்கு நாம் தருகிற தூக்க மாத்திரை மூச்சை இன்னும் தடுக்கும்.

"கால் குடையுது" என்பதைச் சத்துக்குறைவு என்று சொல்லி பி-காம்ப்ளெக்ஸ் கொடுத்து அனுப்புகிறோம். மாலையில் தொடங்கி, படுத்தால் கூடி, எழுந்து நடந்தால் அடங்குகிற குடைச்சலா என்று கேளுங்கள். ஏ.டி.எச்.டி. உள்ளவர்களிடம் இது அடிக்கடி சேர்ந்தே இருக்கிறது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் ஃபெரிட்டின் பாருங்கள். 75க்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்து கொடுப்பதே முதல் சிகிச்சை. தூங்குவதற்காக ஃபெனிரமின் போன்ற பழைய அலர்ஜி மாத்திரைகளை எழுதுகிற வழக்கம் இந்தக் குடைச்சலைக் கூட்டும்.

அல்ப்ரசோலம், ஜோல்பிடெம் இரண்டும் 2014 மார்ச்சிலிருந்து எச்1 அட்டவணையில் இருக்கின்றன. விற்கிற கடை மருத்துவர் பெயரும் நோயாளி பெயரும் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். நம் பெயர் அந்தப் பதிவேட்டில் எத்தனை வரிகளில் இருக்கிறது என்று ஒவ்வொருவரும் யோசிக்கலாம். அதற்காக, ஏற்கெனவே சாப்பிடுகிறவருக்கு ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். வாரக்கணக்கில், சிறிது சிறிதாகத்தான் குறைக்க வேண்டும். நாட்பட்ட தூக்கமின்மைதான் என்று உறுதியானால், அறிதல்-நடத்தைச் சிகிச்சையே முதலில். 2016இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரியும் அடுத்த ஆண்டு ஐரோப்பிய வழிகாட்டியும் அதைத்தான் சொல்லின.

காலண்டர் தாள் பெண்ணின் அலுவலகம், ஒரு கடிதத்தின் பேரில், கைரேகை நேரத்தைப் 10 மணியாக்கிக் கொடுத்தது. க்ளோனாசெபத்தை நிறுத்த மூன்று மாதமானது. மாலையில் சிறு அளவு மெலடோனின், எழுந்ததும் மாடி, காலை உணவுக்குப் பின் மெதில்ஃபெனிடேட். அது எக்ஸ் அட்டவணை மருந்து. இரண்டு பிரதி எழுத வேண்டும், எல்லாக் கடையிலும் கிடைக்காது, ஆகவே எங்கே கிடைக்கும் என்று விசாரித்துச் சொல்வதும் சிகிச்சையில் சேர்ந்ததுதான். கடைசியாக வந்தபோதும் ரப்பர் பேண்ட் போட்ட தாள்களோடுதான் வந்தார். தூங்கிய நேரம் 12.15, 12.30, 12.10 என்று இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தாளில் மட்டும் 2 மணி. பக்கத்தில், தங்கை குழந்தையின் பிறந்தநாள் என்று எழுதியிருந்தார்.