பானைச் சோறும் மனித குணமும்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். சமையலறையில் இது பழுதற்ற உண்மை. ஒரே அரிசி, ஒரே நீர், ஒரே நெருப்பு. ஆகவே ஒன்று வெந்தால் மற்றவையும் வெந்திருக்கும். ஆனால் மனிதரை எடை போடவும் இதே முறையைக் கையாள்கிறோமே, அது தகுமா?

உளநூல் அறிஞர்களான ஏமாஸ் ட்வெர்ஸ்கியும் டானியல் கானெமனும் மாணவர்களிடம் தாங்கள் கேட்ட ஒரு கேள்வியை 1974-ல் வெளியிட்ட கட்டுரையில் எடுத்துரைக்கிறார்கள். ஓர் ஊரில் இரண்டு மருத்துவமனைகள். பெரியதில் நாள்தோறும் சுமார் 45 குழந்தைகள் பிறக்கின்றன, சிறியதில் 15. பிறந்தவற்றில் 60 விழுக்காட்டுக்கு மேல் ஆண் குழந்தைகளாக அமையும் நாட்கள் ஓராண்டில் எங்கே அதிகம்? 95 பேரில் 53 பேர், இரண்டிலும் ஏறக்குறையச் சமம் என்றனர். சிறியதில்தான் என்று சரியாகச் சொன்னவர் 21 பேரே! கணக்கிட்டுப் பார்த்தால், சிறியதில் ஏறத்தாழ 55 நாட்கள். பெரியதில் ஏறத்தாழ 25. எண்ணிக்கை குறையக் குறைய, தற்செயலின் ஆட்டம் மிகும்.

கணக்குப் படித்தவர்கள் இதில் ஏமாற மாட்டார்கள் என்று மார்தட்ட வேண்டாம். புள்ளியியல் பயின்ற ஆராய்ச்சியாளர்களே சிறு மாதிரியை அளவுக்கு மீறி நம்புவதை இவ்விருவரும் 1971-லேயே காட்டிவிட்டார்கள்.

இதற்கும் நமக்கும் என்ன உறவு? ஊரை விட்டு இங்கு வந்த முதல் வாரத்தில் விடுதியில் இருவரோடு பழகுகிறோம். ஒருவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. மற்றவர் நம் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தார். உடனே, "இந்த ஊர்க்காரர்களே இப்படித்தான்" என்று ஒரு மாநிலத்துக்கே தீர்ப்பெழுதி விடுகிறோம். பிறகு நம்மவர் மேசையை விட்டு நகர்வதில்லை. தீர்ப்பு தவறென்று காட்டக்கூடிய மூன்றாமவரை நாம் சந்திப்பதே இல்லை! நம்மில் ஒருவரை மட்டும் கண்டு, "மதராசிகளே இப்படித்தான்" என்று பிறர் சொல்லும்போது மட்டும் நமக்குக் கோபம் வருகிறது. இரண்டும் ஒரே பிழையன்றோ?

அப்படியானால் அபிப்பிராயமே கொள்ளலாகாதா என்று நண்பர்கள் கேட்கலாம். கொள்ளலாம், அதைப் பென்சிலால் எழுதிக்கொள்வோம். "எத்தனை பேரைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்?" என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். விடை ஒன்று, இரண்டு என வந்தால், இன்றிரவே வேறொரு மேசையில் அமர்ந்து உண்போம். சோதனைச் சாலையில் ஓர் அளவீட்டோடு நிறுத்தாத நாம், சக மனிதனுக்கு மட்டும் அந்த நியாயத்தை மறுக்கலாமா?