பெயரில்லாப் பூவும் கூரைத் தாமரையும்

குடுமியான்மலை என்றாலே எங்கள் பக்கம் ஒரு கதை சொல்வார்கள். அர்ச்சகர் தன் காதலிக்குச் சூட்டிய பூவை, ராஜா திடீரென்று வந்து நின்றதும் சாமிக்குச் சாத்திப் பிரசாதமாக நீட்டிவிட்டார். பூவில் ஒரு நீள முடி. “சாமிக்குக் குடுமி உண்டு” என்று சமாளித்தார். லிங்கத்தில் குடுமியும் முளைத்தது. சரி, அது என்ன பூ? மல்லிகையா, செவ்வந்தியா? அதை யாரும் சொல்வதில்லை. அந்தக் கதைக்குப் பூ தேவையில்லை, முடி போதும்.

பூவைப் பூவாகவே பார்த்த ஆளைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். அதே அன்னவாசல் வட்டாரத்தில்தான் சித்தன்னவாசல் இருக்கிறது. 9-ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அங்குள்ள சமணக் குடைவரையைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. அதன் கூரையில் ஓவியமாக ஒரு தாமரைக் குளம். தீர்த்தங்கரர் உபதேசிக்கும் சமவசரணத்துக்குப் போகும் வழியில் உள்ள நீர்நிலை அது. பூப்பறிப்பவர்கள் வீடுபேற்றுக்குத் தகுதி பெற்ற பவ்வியர்கள். வருகிறவர்களுக்கு இவ்வளவும் சொல்லி முடித்ததும் அடுத்த கூட்டம் வந்துவிடும்.

கழுத்து வலித்தாலும் கொஞ்ச நேரம் அண்ணாந்து பாருங்கள். இறுக மூடிய மொட்டு, பாதி அவிழ்ந்தது, முழுக்க மலர்ந்தது எல்லாம் ஒரே குளத்தில். பின்னால் அகலமான பச்சை இலைகள். நடுவே மீன், அன்னம், யானை, எருமை. ஒருவர் ஒரு கையில் கூடையோடு மறு கையால் பறிக்கிறார். இன்னொருவர் தண்டோடு பூவைத் தோளில் சாய்த்திருக்கிறார். முக்தியைச் சொல்ல ஒரே அச்சில் பத்துத் தாமரை போட்டிருந்தாலே போதும். இதை வரைந்த ஓவியர் ஏதோ ஒரு கண்மாய்க் கரையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார் என்றுதான் நான் நினைக்கிறேன். காவி, சுண்ணாம்பு, மரக்கரி, பச்சை மண் என்று கைக்கு எட்டிய நிறங்களை வைத்து அதைச் சாதித்திருக்கிறார். அவர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை.

சுமார் ஆயிரம் ஆண்டு கழித்து, சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவராக இருந்த ராபர்ட் வைட் தாவரங்களைத் தேடி அலைந்தார். குடுமியான்மலை வேளாண் கல்லூரிப் பிள்ளைகளுக்கு அவருடைய சிக்கல் புரியும்: தாளில் அழுத்திக் காயவைத்த செடியில் நிறம் நிற்காது, பூவின் திரட்சியும் தட்டையாகிவிடும். அதனால் ஓவியர்களை வேலைக்கு வைத்தார். முதலில் ரங்கையா, பிறகு கோவிந்து. அவர்கள் தாளில் குளமும் இல்லை, முக்தியும் இல்லை. வெள்ளைத் தாளில் ஒரு கிளை. ஓரத்தில் சூலகத்தை அறுத்த தோற்றமும் மகரந்தத்தாளும் பெரிதாக்கிக் காட்டப்பட்டிருக்கும். இப்படி 2,000-க்கும் மேற்பட்ட படங்களை வைட் 1838 முதல் 1853 வரை சென்னையில் அச்சிட்டு வெளியிட்டார். சித்தன்னவாசலில் அடுத்தடுத்துப் பூத்த மொட்டும் மலரும் இங்கே ஒரே பூவின் பாகங்களாகப் பிரிந்துவிட்டன. எனக்கு இரண்டும் வேண்டும். ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் கூரைப் பக்கம் சாய்வேன்.

ஆனால் ஒரு விஷயத்தில் வைட்டைப் பாராட்டத்தான் வேண்டும். அச்சான பல படங்களின் அடியில் வரைந்தவர் பெயரைப் போட்டார். ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கே ‘கோவிந்தூயியா’ என்று தன் ஓவியரின் பெயரைச் சூட்டினார். பிற்காலத் தாவரவியலாளர்கள் அதை ‘ட்ரோபிடியா’வோடு சேர்த்துவிட்டார்கள். அந்தப் பேரினப் பெயரைப் பார்க்க வேண்டுமென்றால் இன்று வழக்கொழிந்த பெயர்களின் பட்டியலில்தான் தேட வேண்டும்.