கைகாட்டினார் தலைவர் - கண் கலங்கினான் தொண்டன்!

2016-ஆம் ஆண்டு, ஜூலைத் திங்கள் 25-ஆம் நாள். அமெரிக்க நாட்டுப் பிலடெல்பியா நகரிலே ஜனநாயகக் கட்சியின் மாநாடு. அதிபர் தேர்தலுக்குக் கட்சியின் வேட்பாளரை முறைப்படி அறிவிப்பதற்காகக் கூடிய மாநாடு. அன்று பகலில், தம்மை ஆதரிக்கும் பிரதிநிதிகளைத் தனியே கூட்டிப் பேசினார் பெர்னி சாண்டர்ஸ் என்னும் 74 வயது முதியவர். டிரம்பைத் தோற்கடிக்க வேண்டும் என்றார். கைதட்டல் மண்டபத்தைப் பிளந்தது. அதற்காக ஹிலாரி கிளின்டனைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார். கைதட்டிய அதே கூட்டம் கூச்சலிட்டது! பெர்னிதான் வேண்டும், பெர்னிதான் வேண்டும் என்று பெருங்குரல் எழுப்பியது!

கூச்சலிட்டவர்கள் யார்? எதிர்க்கட்சி அனுப்பிய ஆட்களா? கூலிக்கு மாரடிக்க வந்தவர்களா? அல்ல தோழர்களே, அல்ல! அவருக்காக ஓராண்டுக் காலம் ஊண் உறக்கம் மறந்தவர்கள். வீடு வீடாகக் கதவைத் தட்டியவர்கள். அவர் பெயரைச் சொன்னால் அழுதுவிடக் கூடியவர்கள். அவர்கள்தான் அவர் முகத்துக்கு நேரே மறுப்பொலி எழுப்பினார்கள்.

ஏன்? இந்த 'ஏன்' அமெரிக்காவோடு முடிகிற கேள்வி அல்ல. கொடி பிடிக்கிற கை எந்த நாட்டில் இருந்தாலும், அந்தக் கைக்கு உரியவன் ஒருநாள் கேட்டே தீரவேண்டிய கேள்வி. நேற்றுவரை எவரை எதிர்த்து முழங்கச் சொன்னாரோ, அவருக்கே இன்று வாக்களி என்கிறார் தலைவர். நான் என்ன செய்வது?

கதையை முறையாகப் பார்ப்போம்.

சாண்டர்ஸ் மாளிகையில் பிறந்தவர் அல்லர். 1981-இல் பர்லிங்டன் என்னும் சிறு நகரத்தில் நகரத் தலைவர் தேர்தலுக்கு நின்று, பத்தே பத்து வாக்கு வித்தியாசத்தில் வென்றவர். 1991-இல் நாடாளுமன்றம் புகுந்தவர். கட்சிச் சீட்டு இல்லாமல் சுயேச்சையாகவே நின்று வென்று வந்தவர். வட அமெரிக்க வர்த்தக ஒப்பந்தம் 1993-இல் வாக்கெடுப்புக்கு வந்தபோது, தொழிற்சாலை நாடு கடந்து போய்விடும், தொழிலாளி தெருவில் நிற்பான் என்று எதிர்த்தவர். அந்த ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்தும் சட்டத்துக்குக் கையெழுத்திட்ட அதிபர் யார்? பில் கிளின்டன், ஹிலாரியின் கணவர். ஈராக் போருக்கு 2002-இல் அனுமதி கேட்டபோது, சாண்டர்ஸ் முடியாது என்றார். ஹிலாரி கிளின்டன் சரி என்று வாக்களித்தார்.

ஆகவே 2015-இல் இருவரும் களத்தில் எதிரெதிரே நின்றபோது, அது ஆளுக்கு ஆள் மோதிய போட்டி அல்ல. கொள்கைக்குக் கொள்கை மோதிய போட்டி. ஒருவர் மணிக்கு 15 டாலர் கூலி வேண்டும் என்றார். மற்றவரோ ஒரு பெரிய முதலாளி வங்கியில் மூன்று சொற்பொழிவு ஆற்றி, 6 லட்சத்து 75 ஆயிரம் டாலர் பெற்றிருந்தார்! மூன்று சொற்பொழிவு! நம் மேடைப் பேச்சாளர்கள் சோடா ஒன்றுக்கு நன்றி சொல்லி இறங்குகிற காலத்தை எண்ணிப் பாருங்கள்!

சாண்டர்சுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? ஏழை எளியவரின் சட்டைப்பையிலிருந்து. சராசரி நன்கொடை 27 டாலர். அந்த 27 டாலரைக் கொண்டுதான் 22 மாநிலங்களில் வென்றார். சுமார் 1 கோடியே 32 லட்சம் வாக்குப் பெற்றார். ஆனாலும் கிளின்டன் பெற்றது சுமார் 1 கோடியே 69 லட்சம். தோல்வி தோல்விதான். அதை மறைத்துப் பேசுவது நமக்கு அழகல்ல.

2016 ஜூலை 12-ஆம் நாள், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துப் போர்ட்ஸ்மவுத் ஊரில், கிளின்டனுடன் ஒரே மேடையில் ஏறினார் சாண்டர்ஸ். என் ஆதரவு இவருக்கே என்றார். ஐந்து மாதத்துக்கு முன்பு அந்த மாநிலத்தில்தான் நூற்றுக்கு 60 வாக்குப் பெற்று, அதே கிளின்டனை அவர் முறியடித்திருந்தார். வென்ற மண்ணிலேயே விட்டுக் கொடுத்தார்! தொண்டன் நெஞ்சு எப்படிப் பதறியிருக்கும்!

பதற்றம் தணிவதற்குள் வந்தது இன்னொரு செய்தி. பத்து நாள் கழித்துக் கட்சித் தலைமை அலுவலகத்தின் மின்னஞ்சல்கள் வெளியாயின. இரு வேட்பாளரையும் சமமாக நடத்த வேண்டிய அலுவலகம், ஒருவர் பக்கம் சாய்ந்திருந்தது அம்பலமாயிற்று. மாநாட்டுக்கு முந்தின நாள் கட்சியின் தலைவி பதவி விலகுவதாக அறிவித்தார். மின்னஞ்சலைத் திருடியவர்கள் ரஷ்ய ராணுவ உளவாளிகள் என்று 2018-இல் அமெரிக்க அரசு வழக்குத் தொடுத்தது. இருக்கட்டும். கொண்டு வந்தவன் திருடனே ஆனாலும், கடிதத்தில் இருந்த கையெழுத்து வீட்டுக்காரனுடையதுதானே!

இந்த நிலையில்தான் மண்டபத்தில் கூச்சல் எழுந்தது. அதற்கு இரண்டு விதமான விளக்கம் சொன்னார்கள். இரண்டும் எளிதான விளக்கம். இரண்டும் பாதி விளக்கம்.

ஒரு சாரார் சொன்னார்கள்: 'சாண்டர்ஸ் விலை போய்விட்டார்!' அப்படியா? விலை போனவர் வாங்கிய பொருள் எங்கே? பதவியா? இல்லை. பணமா? இல்லை. அவர் வாங்கியது எழுத்து மூலம் சில உறுதிகள். 15 டாலர் கூலி கட்சியின் தேர்தல் அறிக்கையில் ஏறிற்று. ஆண்டு வருமானம் 1 லட்சத்து 25 ஆயிரம் டாலருக்கு உட்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, மாநிலக் கல்லூரிகளில் கட்டணமில்லாப் படிப்பு என்பதைக் கிளின்டன் ஏற்றுக்கொண்டார். அதுவும் ஆதரவு அறிவிப்புக்கு ஆறு நாள் முன்னதாக. கேட்டது அனைத்தும் கிடைத்ததா? இல்லை. பசிபிக் வர்த்தக ஒப்பந்தத்தைப் பெயர் சொல்லி எதிர்க்கும் திருத்தம் தோற்றது. எல்லோருக்கும் அரசே மருத்துவச் செலவை ஏற்கும் திட்டமும் ஏறவில்லை. முழுச் சோறு கிடைக்காதபோது அரைச் சோற்றை வாங்கி வந்தார். இதற்குப் பெயர் பேரம் என்று வேண்டுமானால் சொல்லுங்கள். துரோகம் என்று சொல்லாதீர்கள்.

இன்னொரு சாரார் சொன்னார்கள்: 'தலைவரே சொன்ன பிறகு தொண்டனுக்கு என்ன கூச்சல்? கட்டுப்பாடு வேண்டாமா?' இது அதைவிட வேடிக்கை! வாக்கு என்பது தலைவர் பெட்டியில் பூட்டி வைத்த நகையா, வேண்டும்போது எடுத்து வேறொருவர் கழுத்தில் மாட்டுவதற்கு? அந்தத் தொண்டர்களை அழைத்து வந்தவர் சாண்டர்ஸ் என்கிறார்கள். அவர்களை அழைத்து வந்தது கூலி, மருத்துவம், படிப்பு, போர் எதிர்ப்பு என்னும் கொள்கை. அந்தக் கொள்கையின் குரலாக இருந்தவர் சாண்டர்ஸ். குரல் திசை மாறியதும் காது பதறுவது இயற்கை. பதறாத காது செவிட்டுக் காது!

ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம்; இறங்கச் சொன்னால் நொண்டிக்குக் கோபம் என்பார்கள் நம் ஊர்களில். அன்று சாண்டர்சின் நிலை அதுவே. ஆதரித்தால் தொண்டனுக்குக் கோபம். ஆதரிக்காவிட்டால் டிரம்புக்குக் கொண்டாட்டம்.

2016 நவம்பர் 8-ஆம் நாள் தேர்தல். நாடு முழுவதும் சுமார் 28 லட்சம் வாக்கு அதிகம் பெற்றும் கிளின்டன் தோற்றார். மூன்று மாநிலங்கள் முடிவைத் திருப்பின. மிச்சிகனில் 10,704 வாக்கு, விஸ்கான்சினில் 22,748, பென்சில்வேனியாவில் 44,292. உடனே கிளம்பியது ஒரு கூட்டம்: 'கெடுத்தவன் சாண்டர்ஸ் தொண்டன்!'

குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. கட்சித் தேர்வில் சாண்டர்சுக்கு வாக்களித்தவர்களில் நூற்றுக்கு 12 பேர் அளவில், பொதுத் தேர்தலில் டிரம்புக்கு வாக்களித்ததாக ஆய்வு ஒன்று காட்டியது. வித்தியாசம் அவ்வளவு குறைவான மாநிலங்களில் அது சிறு தொகை அல்ல. ஆனால் எஞ்சியவர்களிலே மிகப் பெரும்பாலோர் பல்லைக் கடித்துக்கொண்டு கிளின்டனுக்கே வாக்களித்தார்களே, அதை ஏன் சொல்லவில்லை? 2008-ஐ ஏன் மறந்தார்கள்? அப்போது ஒபாமாவிடம் தோற்றவர் இதே கிளின்டன். மாநாட்டில் எழுந்து, ஒபாமாவை ஒருமனதாக ஏற்போம் என்று முன்மொழிந்தவரும் இவரே. 2016-இல் சாண்டர்ஸ் கிளின்டனுக்காக அதையேதான் செய்தார். 2008-லும் கிளின்டனை ஆதரித்தவர்களில் ஒரு பகுதியினர் கோபித்துக்கொண்டு குடியரசுக் கட்சியின் மெக்கெய்னுக்கு வாக்களித்தார்கள். ஆய்வுகளின்படி அந்தப் பகுதி 2016-ஐவிடக் குறைந்ததன்று. ஆனாலும் ஒபாமா வென்றார்!

அப்படியானால் 2016-இல் குறை எங்கே? விஸ்கான்சின் மாநிலத்துக்குப் பொதுத் தேர்தல் பிரசாரத்தில் கிளின்டன் ஒரு தடவைகூடப் போகவில்லை. கட்சித் தேர்வில் அவரைத் தோற்கடித்த மாநிலம் அது! மிச்சிகனும் அப்படியே அவரைத் தோற்கடித்த மாநிலம். மூடிய ஆலைகளின் மாநிலம். தலைவர் கைகாட்டிவிட்டார், தொண்டன் தானே வந்து சேருவான் என்று இருந்துவிட்டார்கள். பெண் பார்த்து நிச்சயம் செய்துவிட்டோம் என்பதற்காகத் தாலி தானாகக் கழுத்தில் ஏறிவிடுமா?

தோழர்களே! நான் சொல்ல வருவது இதுதான். தலைவர் ஒருவர் போட்டியாளருக்கு ஆதரவு அளிப்பது கடன் கொடுப்பதைப் போன்றது. பத்திரத்தில் கையெழுத்திடுபவர் தலைவர். ஆனால் பணம் தொண்டனுடையது. கடன் வாங்கியவர் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர். கணக்குக் கேட்கத் தொண்டனுக்கு உரிமை உண்டு.

சரி, கணக்கைப் பார்ப்போம். வரவு என்ன? எவரும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்காமலே, பதவியின் பேரால் மாநாட்டில் வாக்குரிமை பெற்றிருந்த பெரிய மனிதர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். அவர்களுடைய முதல் சுற்று வாக்கு 2018 ஆகஸ்டில் பறிக்கப்பட்டது. முடிவு ஏற்கெனவே உறுதியாகிவிட்டால் மட்டும் வாக்களிக்கலாம் என்று விதி மாறிற்று. கூச்சலிட்டவர்கள் வீட்டுக்குப் போயிருந்தால் இது நடந்திராது. 2016-இல் சாண்டர்சுக்காகப் பணியாற்றிய இளம்பெண் ஒருவர், அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்ட்டெஸ், 2018-இல் பத்து முறை வென்ற கட்சிப் பெருந்தலையைக் கட்சித் தேர்விலேயே வீழ்த்தினார். 2020 ஏப்ரலில் சாண்டர்ஸ் மறுபடியும் தோற்று ஜோ பைடனை ஆதரித்தபோது, கொள்கை வகுக்க இரு தரப்பாரும் கொண்ட ஆறு குழுக்கள் அமைந்தன.

பற்று என்ன? அந்த 15 டாலர் கூலி! 2021 மார்ச் 5-ஆம் நாள், செனட் சபையில் சாண்டர்சே அதற்குத் திருத்தம் கொண்டு வந்தார். 42-க்கு 58 என்று தோற்றது. அவர் அமர்ந்திருந்த அணியிலேயே எட்டுப் பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். 2009 முதல் ஏழேகால் டாலரில் நின்ற நாட்டின் குறைந்தபட்சக் கூலி அன்றும் அங்கேயே நின்றது. தேர்தல் அறிக்கையில் எழுதிய மை காய்ந்தது; கூலிக்காரன் பை நிறையவில்லை.

இன்னொரு பற்றும் உண்டு. 2025 ஜூனில் நியூயார்க் நகரத் தலைவர் பதவிக்கான கட்சித் தேர்வில் சோரான் மம்தானி வென்றார். சாண்டர்ஸ் ஆதரித்த இளைஞர். தோற்றவர் முன்னாள் ஆளுநர் கூமோ. தோற்றவர் வென்றவரை ஆதரித்தாரா? இல்லை, தனித்து நின்றார். கட்சிக் கட்டுப்பாடு பற்றிக் காலமெல்லாம் பாடம் நடத்தியவர்கள் என்ன செய்தார்கள்? செனட்டில் கட்சியின் தலைவரான சக் சூமர், சொந்த ஊர்த் தேர்தலில் சொந்தக் கட்சி வேட்பாளருக்குக் கடைசிவரை ஆதரவு அறிவிக்கவே இல்லை! கடைசி நேரத்தில் டிரம்ப் கூமோவுக்கு வாக்களிக்கச் சொன்னார். மம்தானி நவம்பரில் வென்றுவிட்டார் என்பது வேறு. 2016-இல் ஏழைத் தொண்டனிடம் கேட்ட விசுவாசத்தை, 2025-இல் பெரிய தலைவர் தாம் காட்டவில்லை. விசுவாசம் என்ன, கீழ்த்தட்டுக்காரன் மட்டும் கட்ட வேண்டிய வரியா?

ஆகவே, தலைவர் கைகாட்டும் நாளில் தொண்டன் மூன்று கேள்வி கேட்கட்டும். என்ன வாங்கினார், அது எழுத்தில் உண்டா? நேரே நம் முன்னால் வந்து சொன்னாரா, அல்லது அறிக்கை விட்டு மறைந்துகொண்டாரா? வாக்குப் போட்ட மறுநாளும் நம் அமைப்பு உயிரோடு இருக்குமா?

மூன்றுக்கும் விடை கிடைத்தால், மனம் கசந்தாலும் வாக்களிக்கலாம். அது மானக்கேடு அல்ல. ஒன்றுக்கும் விடை இல்லையென்றால், தலைவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், அவர் விற்றது தம்முடையதல்லாத சரக்கு. ஆனால் எந்த நிலையிலும் ஒன்று செய்யாதீர்கள்: மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தாதீர்கள். கோபத்தில் எதிரிக்கு வாக்களித்தவனுக்கும் கூலி உயரவில்லை. வெறுத்து வீட்டில் படுத்தவனுக்கும் உயரவில்லை. கட்சிக்குள்ளே நின்று கணக்குக் கேட்டவன்தான் விதியை மாற்றினான், வேட்பாளரை மாற்றினான்.

கூச்சலிடுங்கள் தோழர்களே, தவறில்லை! கூச்சலிட்டுவிட்டு நாற்காலியை விட்டு எழுந்து போகாதீர்கள். நீங்கள் எழுந்த நாற்காலியில் உட்கார ஆள் தயாராக இருக்கிறான்; அவன் உங்கள் ஆள் அல்லன்!