வானத்தில் மேகம் இல்லை, ஆற்றில் வெள்ளம்!
முல்லைப் பெரியாற்றங்கரையில் நடப்போர் உஷார்

தேனி:
கம்பம் பள்ளத்தாக்கில் காலாற நடக்கவும் சைக்கிள் மிதிக்கவும் தண்ணீர்க் கரைக்குப் பஞ்சம் இல்லை. லோயர் கேம்பில் ஆரம்பித்து கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று முல்லைப் பெரியாறு ஊர் ஊராக ஓடி வருகிறது. கரையெல்லாம் வயல், தென்னந்தோப்பு. காசில்லாமல் காற்று வாங்கலாம்!

ஆனால் இந்த ஆற்றுக்கு ஒரு குணம் உண்டு. அது தெரியாமல் கால் வைத்தால் ஆபத்து.

மலைக்கு அப்பால் சாவி

மற்ற ஆறுகளில் மழை பெய்தால் தண்ணீர் ஏறும். இங்கே மதகைத் திறந்தாலே ஏறும். 1895-ல் பென்னிகுயிக் கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வருகிறது. ராட்சதக் குழாய்களில் இறங்கி, லோயர் கேம்பில் மின்சாரம் கொடுத்துவிட்டு ஆற்றில் சேர்கிறது. 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கும் இதுதான் உயிர்.

ஆக, ஊரில் சொட்டு மழை இல்லாவிட்டாலும் முழங்கால் தண்ணீர் இடுப்புக்கு வந்துவிடும். "மழையே இல்லையே, தண்ணி எப்படிய்யா வரும்?" என்று இறங்குகிற வெளியூர்க்காரர்தான் மாட்டிக்கொள்கிறார். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்கு வரும் கூட்டம் குளிப்பதும் இதே ஆற்றில்தான்.

கேட் உள்ள இடம், இல்லாத இடம்

கும்பக்கரையிலும் சுருளியிலும் வெள்ளம் வந்தால் வனத்துறை கேட்டைச் சாத்திவிடும். வைகை அணையில் பார்த்தால், 1959-ல் திறந்த அந்த அணைக்கு இரு கரையிலும் பூங்கா. நீர்மட்டம் 66 அடி ஆனால் முதல் எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. அபாயச் சங்கு ஊதுகிறது. தண்ணீர் அதிகம் போனால் பூங்காக்களுக்கு இடையே உள்ள பாலத்தில் ஆளை விடுவதில்லை.

முல்லைப் பெரியாற்றுக்கு இத்தனை மைல் கரை. அதற்கெல்லாம் கேட் போட முடியுமா? முடியாது. எச்சரிக்கை மட்டும்தான் போட முடியும்.

கோவையைப் பார்த்து...

கோவை உக்கடம் பெரியகுளத்தின் கரையில் நடைபாதை, சைக்கிள் பாதை போட்டார்கள். தேனிக்கும் அப்படி வேண்டும் என்ற ஆசை நியாயம்தான். ஆனால் அது தேங்கி நிற்கும் குளம், இது ஓடுகிற ஆறு. அந்தப் பாணிக்கு மீறுசமுத்திரம் கண்மாய் போன்ற குளத்தங்கரைகள்தான் தோது.

ஆற்றங்கரைக்குத் தேவை வேறு. "இன்று இத்தனை கன அடி திறப்பு" என்று படித்துறைதோறும் ஒரு பலகை. திறப்பைக் கூட்டுமுன் ஊர் ஊராக ஒரு சங்கு. இதற்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டாம். நீர்வளத்துறையும் ஊராட்சிகளும் கூடிப் பேசினால் போதும்.

அதுவரை நடப்பவர் கரையோடு நடக்கட்டும். சைக்கிளைக் கரையிலே நிறுத்தட்டும். உள்ளூர்க்காரரைக் கேட்காமல் தண்ணீரில் இறங்க வேண்டாம்.

முதலில் சங்கு; பிறகு பூங்கா!